கட்டையும் சக்கரமும்
(குறைந்த செலவில் மிடி கீபோர்டு வாங்க ஒரு பாடம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டார். கவிதை எழுத நம்மிடம் ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் ஒரு பாடம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு வராத பாடம். பயப்பட வேண்டாம். ஆனால் நாம் படிக்கிற டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸும் மைக்ரோகண்ட்ரோலரும் இதில் வந்து நிற்கும்.

விஷயம் இதுதான். செம்மண்டலத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைக்கிறோம். ஸ்டுடியோ என்றதும் கண்ணாடித் தடுப்பு, ஏ.சி. என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப், ஒரு ஹெட்போன், ஒரு மைக். இவற்றோடு ஒரு மிடி கீபோர்டு சேர்ந்தால் வேலை தொடங்கிவிடும். ஆளுக்கு 4,000 ரூபாய் போட்டோம். மொத்தம் 12,000. ஈசிஈ படிக்கிறவன் என்பதால் எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று பேருக்கும் மூன்று தேவை. ஒருவன் மெக்கானிக்கல். திருவிழாக் காலத்தில் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். சொந்தக் கீபோர்டு கிடையாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் வாடகைக்கு எடுக்கிறான், வருகிற பணத்தில் ஒரு பங்கு அந்த வாடகைக்கே போய்விடுகிறது. இன்னொருவன் சிதம்பரம் பக்கம், நாகஸ்வரக் குடும்பம். அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "மச்சான், அதுல தோடி வருமாடா?" எனக்கு, பாட்டுக்குப் பின்னணி இசை கோர்த்துப் பழக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் 12,000 ரூபாயில் விடை தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நீங்கள் வாங்கப் போகும்போது உதவட்டும்.

மிடி என்பது சத்தம் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மிடி கண்ட்ரோலர் என்ற பொருளில் ஸ்பீக்கர் கிடையாது, சத்தமும் கிடையாது. கடையில் எடுத்து வாசித்துப் பார்த்தால் 'டக் டக்' என்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். "பீஸ் போயிடுச்சாண்ணே?" என்று கேட்டவர்களும் உண்டு.

ஓட்டலில் சர்வர் சமையலறையைப் பார்த்து "ரெண்டு ஸ்பெஷல், ஒரு ரவா!" என்று குரல் கொடுக்கிறார் அல்லவா? உள்ளே போவது குரல் மட்டும்தான், தோசை போகவில்லை. தோசை சுடுவது மாஸ்டர் வேலை. மிடி கீபோர்டு அந்த சர்வர் மாதிரி. எந்தக் கட்டையை அழுத்தினோம், எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும். சத்தத்தைச் சுடுகிற மாஸ்டர் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள்.

இது 1983-ல் பிறந்த ஏற்பாடு. அதற்கு முன்பு ஒரு கம்பெனி சிந்தசைசர் பேசுவது இன்னொரு கம்பெனிக்குப் புரியாது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும், அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித்தும் முன்நின்று ஒரு பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கம்பெனிகளின் கருவிகளை ஒரே ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. இந்த மொழியைப் பயன்படுத்த யாரிடமும் உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. அதனால்தான் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே ஒரு மிடி கீபோர்டு கிடைக்கிறது. 2013-ல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

நம்ம ஊருக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சர் பயன்படுத்தியதைப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்புறமே ஸ்டுடியோ வைத்திருந்த ஏ.ஆர். ரகுமான் யார் என்று நாடே கேட்டது. அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் சில காலம் நடந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. வாத்தியம் என்பது ஒரு வீட்டுக்குச் சோறு போடுகிற பொருள். பார்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஒயருக்குள் என்ன போகிறது?

இது நம் டிபார்ட்மென்ட் விஷயம். மற்ற பிரிவு நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். கடைக்காரர் சொல்வதை எடைபோட இது உதவும்.

பழைய மிடி ஒயரின் முனையில் 5 பின் உள்ள வட்டமான டின் கனெக்டர் இருக்கும். அதில் ஓடுவது சாதாரண சீரியல் டேட்டா. வேகம் நொடிக்கு 31,250 பிட். ஏன் இந்த விசித்திர எண் என்று கேட்டால், 1 மெகாஹெர்ட்ஸை 32-ஆல் வகுத்துப் பாருங்கள், புரியும். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட் பிட், 8 டேட்டா பிட், ஸ்டாப் பிட் என 10 பிட். அதாவது 320 மைக்ரோ செகண்ட். ஒரு ஸ்வரத்தைத் தொடங்க 3 பைட் வேண்டும். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த 3 பைட் என்ன? 144, 60, 100 என்று போனால், "முதல் சேனலில், 60-ஆம் எண் கட்டையை, 100 என்ற வேகத்தில் அழுத்தியாயிற்று" என்று அர்த்தம். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். வேகத்துக்கும் அதே அளவு. ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை என்று பாடகர்கள் சொல்கிறார்களே, அந்தச் சட்ஜமம்தான் 60. அதே ஸ்தாயியில் ஐந்தரைக் கட்டை 68. இனி யாராவது "எனக்கு நாலரைக் கட்டை வைப்பா" என்றால் 66 என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

வாங்குகிற முனையில் ஒரு ஆப்டோகப்ளர் இருக்கும். நம் லேபில் பார்க்கிற 6என்138 மாதிரி. இரண்டு கருவிகளின் கிரவுண்டும் நேராகச் சேராமல் ஒளி வழியாகச் செய்தி தாண்டுவதால், 'ஹம்' என்ற இரைச்சல் இந்த ஒயர் வழியாக நுழையாது.

இன்றைய மலிவு விலைக் கீபோர்டுகளில் இந்த வட்ட சாக்கெட் பெரும்பாலும் இருக்காது, யூஎஸ்பி மட்டும்தான். யூஎஸ்பி வழி மிடிக்கு 1999-ல் தனியாக ஒரு பொது விதி எழுதப்பட்டது. அதன்படி செய்யப்பட்ட கீபோர்டுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. சொருகினால் விண்டோஸ், லினக்ஸ், ஓடிஜி கேபிள் வைத்தால் ஆண்ட்ராய்டு போன்கூட அடையாளம் கண்டுகொள்ளும். கம்ப்யூட்டர் மட்டும் போதும் என்றால் யூஎஸ்பி போதும். பழைய சவுண்ட் மாட்யூலோடு சேர்க்க நினைத்தால் மட்டும் வட்ட சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூஎஸ்பியில் இன்னொரு வசதி. 5 வோல்ட் மின்சாரமும் அதே ஒயரில் வந்துவிடும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், சின்னக் கண்ட்ரோலருக்கு அது தாராளம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கடலூரில் இருந்துகொண்டு பிளக் பாயின்ட் தேவைப்படாத ஒரு வாத்தியத்தை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது.

கட்டைக்கு அடியில் இரண்டு சுவிட்ச்

ஒரு கட்டையை மெதுவாகத் தொட்டால் மெல்லிய சத்தமும், ஓங்கித் தட்டினால் பெரிய சத்தமும் வருகிறதே, எப்படி? அழுத்தத்தை அளக்கும் சென்சார் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அதைவிட எளிமை. கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழுக்குள் இரண்டு கார்பன் கான்டாக்ட். ஒன்று கொஞ்சம் முன்னால் தொடும், அடுத்தது கொஞ்சம் பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நேரம் ஆனது என்று உள்ளே இருக்கும் சிப் எண்ணுகிறது. நேரம் குறைவென்றால் கை வேகமாக வந்திருக்கிறது, 127-க்குப் பக்கத்தில் ஒரு எண் போகும். நேரம் அதிகமென்றால் சின்ன எண். இதைத்தான் விளம்பரத்தில் 'வெலாசிட்டி' என்றும் 'டச் ரெஸ்பான்ஸ்' என்றும் போடுகிறார்கள்.

49 கட்டைக்கு 98 கான்டாக்ட். சிப்புக்கு 98 கால் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? அதனால் வரிசையும் நிரலுமாக மேட்ரிக்ஸ் போடுகிறார்கள். 7-க்கு 14 என்று பிரித்தால் 21 லைனில் 98-ம் அடங்கிவிடும். ஒவ்வொரு கான்டாக்ட்டுக்கும் ஒரு டயோடு. அது இல்லையென்றால் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நான்காவது கட்டை பேய் மாதிரி தானாகப் பாடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெலாசிட்டி இல்லாத கீபோர்டை வாங்காதீர்கள். அதில் எப்படித் தட்டினாலும் ஒரே எண்தான் போகும். அழுகைப் பாட்டும் குத்துப் பாட்டும் ஒரே பலத்தில் கேட்கும். பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

தோடி வருமா?

இப்போது சிதம்பரம் நண்பனின் கேள்விக்கு வருவோம். இது சின்னக் கேள்வி இல்லை. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அப்போது சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. ஆகவே கமகம் வராது. கமகம் இல்லாவிட்டால் நம் இசையே இல்லை என்பதுதான்.

மிடி கீபோர்டும் கட்டை வைத்த கருவிதான். ஆனால் இடது பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. பிட்ச் பெண்ட் வீல். மேலே தள்ளினால் சுருதி ஏறும், கீழே இழுத்தால் இறங்கும், விட்டால் ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆர்மோனியத்திடம் இல்லாதது இதுதான். 'கீபோர்டு' சத்யா என்று எல்லோரும் அறிந்த சத்யநாராயணன் கீபோர்டில் கர்நாடக இசைக் கச்சேரி செய்யும்போது அவர் இடது கையைக் கவனித்துப் பாருங்கள். ராகத்தின் உயிர் பாதி அந்தக் கையில்தான் இருக்கும்.

சரி, கணக்குப் போடுவோம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜமம் 60 என்றால் சுத்த ரிஷபம் 61, சாதாரண காந்தாரம் 63, சுத்த மத்திமம் 65. ஆக 63-ஐ வலது கையால் அழுத்திக்கொண்டு, சக்கரத்தால் 2 அரை ஸ்வரம் கீழேயும் 2 அரை ஸ்வரம் மேலேயும் ஆட்ட வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் சக்கரத்தின் எல்லை ஏற்கெனவே 2 என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். தோடி காந்தாரம் அதற்குள் அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது! இந்தக் கணக்கைக் காட்டியபோது நண்பன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி இன்னொரு படி உள்ளே. சக்கரம் அனுப்பும் செய்தியும் 3 பைட்தான்: 224, பிறகு கீழ் பைட், பிறகு மேல் பைட். இரண்டும் சேர்ந்தால் 14 பிட், அதாவது 16,384 படி. நடு இடம் 8,192. ஆனால் சில மலிவுக் கருவிகள் மேல் பைட்டை மட்டும் மாற்றும், கீழ் பைட் மாறாமலே கிடக்கும். அப்போது மிஞ்சுவது 128 படிதான். எல்லை 2 என்றால் மொத்த அகலம் 400 சென்ட் (ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட்). அதை 128-ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 3 சென்ட். பெரும்பாலான காதுகளுக்கு அது தெரியாது. ஆனால் நீளமான ஜாரு வேண்டும் என்று எல்லையை 12-க்கு உயர்த்தினால் ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட் ஆகிவிடும். வழுக்கிப் போக வேண்டிய சுருதி, படிக்கட்டில் உருளும் செம்பு மாதிரி சத்தம் போடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருள் வரும் ஒவ்வொரு செய்தியையும் எண்ணாகவே காட்டும். சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்துங்கள். கீழ் பைட்டும் மாறிக்கொண்டே இருந்தால் நல்லது. அது மாறவே இல்லை என்றால் 128 படிதான் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். சக்கரத்தை விட்டதும் 224, 0, 64 என்று வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காவிட்டால் பாட்டு முழுக்கச் சுருதி விலகி நிற்கும்.

எல்லாக் கீபோர்டிலும் சக்கரம் இருக்காது. எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 எம்கே3-ல் சக்கரமே இருக்கிறது. 2020-ல் வந்த அக்காய் எம்பிகே மினி எம்கே3-ல் அதற்குப் பதில் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். ஆர்டூரியா மினிலேப் 3-ல் விரலால் தடவுகிற பட்டை. கோர்க் நானோகீ2-வில் வெறும் பட்டன். மேற்கத்திய ட்யூன் போட எல்லாமே போதும். ஆனால் கமகத்துக்கு ஸ்பிரிங் வைத்த சக்கரமோ, நல்ல ஜாய்ஸ்டிக்கோதான் கைக்கு வரும். பட்டனில் தோடி வாசிப்பது காலிங் பெல்லில் தாலாட்டுப் பாடுகிற மாதிரி.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் ஒரு சேனலில் ஒலிக்கிற எல்லா ஸ்வரத்தையும் சேர்த்து வளைத்துவிடும். அதே சேனலில் தம்புரா ஓடினால் அதுவும் சேர்ந்து ஆடும். மிடியில் 16 சேனல் இருக்கிறது. சுருதியை வேறு சேனலில் போட்டுவிடுங்கள்.

எத்தனை கட்டை வேண்டும்?

25, 37, 49, 61, 88 என்று பல அளவில் வருகின்றன. 25 என்றால் இரண்டு ஸ்தாயி, 49 என்றால் நான்கு, 61 என்றால் ஐந்து. எது தேவை என்பது உங்கள் இடது கை என்ன செய்யப் போகிறது என்பதைப் பொறுத்தது. இடது கை சக்கரத்தில் இருந்தால் வாசிப்பது வலது கை மட்டும்தான். ஒற்றை ராகத்துக்கு 25 அல்லது 37 போதும், ஸ்தாயி மாற்றத் தனி பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் கார்டும் மெலடியுமாக வாசிக்கிற இன்னிசைக் குழு நண்பனுக்கு 49-க்குக் குறைந்தால் கை மோதும்.

கட்டையின் அகலத்தையும் பாருங்கள். சாதாரணக் கட்டையில் ஒரு ஸ்தாயி சுமார் 16.5 சென்டிமீட்டர். 'மினி கீ' என்று போட்டிருந்தால் அதைவிடச் சிறிது. பஸ்ஸில் பையில் போட்டுப் போக மினி வசதி. மேடைக்குப் பழகுகிற கைக்கு அது ஆகாது, கை அளவு மாறிப்போகும்.

கலர் விளக்கு எரிகிற பேட், சுற்றுகிற நாப் இவையெல்லாம் வேண்டாமா? இருந்தால் நல்லதுதான். தாளம் தட்டப் பேட் சௌகரியம். ஆனால் அதே தாளத்தைக் கட்டையிலும் தட்டலாம், அதே நாபை மௌஸாலும் திருப்பலாம். நல்ல கட்டைக்கும் சக்கரத்துக்கும் மாற்று கிடையாது. காசு குறைவாக இருக்கும்போது இந்த வரிசையை மறக்காதீர்கள்.

தாமதம் யார் குற்றம்?

"கட்டையை அழுத்துனா சத்தம் லேட்டா வருதுடா, கீபோர்டு சரியில்ல" என்று சொல்லிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீபோர்டு எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் கொஞ்சம். தாமதம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். அது சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூட்டையாக வெளியே அனுப்புகிறது. அந்த மூட்டைக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், பஃபர் 1,024 என்றால் 23 மில்லி செகண்ட். விரலுக்கும் காதுக்கும் இடைவெளி நன்றாகத் தெரியும். 256 ஆக்கினால் 5.8 மில்லி செகண்ட், ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்த மாதிரிதான். விண்டோஸில் ஆசியோ வகை டிரைவர் போட்டு, பஃபரைக் குறைத்துப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒயர் ஹெட்போன் மாட்டுங்கள். பாதி வியாதி அங்கேயே தீரும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். புதுக் கண்ட்ரோலரோடு 'லைட்' மென்பொருள் இலவசமாகத் தருவார்கள். பழையது வாங்கினால் அந்த உரிமத்தை முதல் ஆள் பயன்படுத்தியிருக்கலாம், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கீபோர்டும் கண்ட்ரோலர்தான்

இதைப் பலரும் யோசிப்பதில்லை. உங்கள் வீட்டிலோ மாமா வீட்டிலோ பரண் மேல் ஒரு கேசியோ, யமஹா இருக்கலாம். அதன் பின்பக்கம் சதுரமான யூஎஸ்பி சாக்கெட்டோ, மைக்ரோ யூஎஸ்பியோ, வட்ட மிடி சாக்கெட்டோ இருந்தால் அதுவே மிடி கீபோர்டு! ஆனால் மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு. கேசியோ சிடி-எஸ்200-ல் யூஎஸ்பி இருக்கிறது, டச் ரெஸ்பான்ஸ் இல்லை. அதே குடும்பத்தின் சிடி-எஸ்300-ல் யூஎஸ்பி, டச், பெண்ட் வீல் மூன்றும் உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-எஃப்51-ல் யூஎஸ்பியும் இல்லை, டச்சும் இல்லை. பெயரில் ஒரு எண் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. அதனால் "யமஹாதானே, நல்லாத்தான் இருக்கும்" என்று போகாதீர்கள்.

பழையது வாங்கும்போது

நாங்கள் இரண்டு பழைய கீபோர்டு பார்த்தோம். முதலாவது பார்க்கப் புதுசு மாதிரி பளபள என்று இருந்தது. லேப்டாப்பில் சொருகி ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்தினேன். எல்லாம் 30, 40 என்று காட்ட, இரண்டு கட்டை மட்டும் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் 127 காட்டின. மூன்றாவது ஒன்று பேசவே இல்லை. கான்டாக்ட் அழுக்கு அல்லது தேய்மானம். நம்முடையது கடற்கரை ஊர், உப்புக் காற்றும் ஈரமும் இரும்பையே விடுவதில்லை. பெட்டியைத் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆனால் கார்பன் தேய்ந்திருந்தால் ரப்பர் பட்டையையே மாற்ற வேண்டும், எல்லா மாடலுக்கும் அது கிடைப்பதில்லை. விற்பவர் விலை குறைக்க மாட்டேன் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வாங்கிய பிறகு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். செலவு ஒரு பழைய வேட்டி.

எங்கள் முடிவு

புதுக் கண்ட்ரோலர்களில் 25 கட்டைக்காரர்கள் சுமார் 5,000 ரூபாயிலிருந்தும், 49 கட்டை 10,000-க்கு முன்பின்னாகவும் கிடைக்கின்றன. விலை மாதத்துக்கு மாதம் மாறும், வாங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் சிதம்பரத்தானுக்கும் மட்டும் என்றால் சக்கரம் வைத்த 49 கட்டைக் கண்ட்ரோலரை எடுத்திருப்போம். ஆனால் மூன்றாவது நண்பனின் வாடகைப் பிரச்சினை இருக்கிறதே? கண்ட்ரோலரை மட்டும் மேடைக்குக் கொண்டுபோனால் லேப்டாப்பையும் சுமக்க வேண்டும்.

அதனால் இரண்டாவதாகப் பார்த்த பழைய வீட்டுக் கீபோர்டை 9,500 ரூபாய்க்கு எடுத்தோம். 61 கட்டை, டச், சக்கரம், யூஎஸ்பி, சொந்தச் சத்தம். அத்தனை கட்டையும் சரி. சோதித்தபோது சக்கரத்தின் கீழ் பைட் அசையவே இல்லை. 128 படிதான். வேண்டாம் என்று வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்து, மேலே எழுதிய கணக்கைப் போட்டோம். எல்லையை 2-லேயே வைத்தால் 3 சென்ட். தோடிக்கு அது போதும். நீண்ட ஜாருவை விட்டுக்கொடுத்தோம்.

அன்று இரவே சிதம்பரத்தான் 63-ஐ அழுத்திக்கொண்டு சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நாகஸ்வரம் இல்ல மச்சான். ஆனா தோடின்னு தெரியுது." அவன் வீட்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பெரிய சான்றிதழ். இன்னிசைக் குழு நண்பன் அடுத்து வந்த நான்கு கச்சேரிக்கு வாடகை கட்டவில்லை.

சத்தம் நம்முடையதாக இருக்கட்டும்

கடைசியாக ஒன்று. 1991-ல் ஜெனரல் மிடி என்று 128 வாத்தியங்களுக்கு உலகப் பொது எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சிதார் 105, ஷெனாய் 112. நாகஸ்வரம் இல்லை, வீணை இல்லை, மிருதங்கமும் தவிலும் இல்லை. 1929-லிருந்து இசை சொல்லித்தரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

உறுத்தினால் மட்டும் போதாது, செய்யவும் வழி இருக்கிறது. கண்ட்ரோலர் சத்தம் போடாது என்று முதலில் சொன்னேன் அல்லவா? அதுவே நமக்கு வசதி. எந்தச் சத்தத்தையும் அதற்குக் கொடுக்கலாம். நண்பனின் சித்தப்பா ஒவ்வொரு ஸ்வரமாக நாகஸ்வரத்தில் ஊதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மைக்கில் பதிந்து, இலவச சாம்ப்ளர் மென்பொருளில் ஒவ்வொரு கட்டைக்கும் வைக்கப் போகிறோம்.

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு புராஜெக்ட் யோசனையும் தருகிறேன். ஏடிமெகா32யூ4 சிப் வைத்த ஆர்டுயினோ போர்டு (லியனார்டோ, புரோ மைக்ரோ) தன்னையே யூஎஸ்பி மிடி கருவியாகக் காட்டிக்கொள்ளும். ஒரு ஸ்லைடர் பொட்டென்ஷியோமீட்டரை அதோடு இணைத்து, 14 பிட்டும் பயன்படுகிற மாதிரி ஒரு கமகச் சக்கரம் செய்து பாருங்கள். போர்டின் ஏடிசி 10 பிட்தான், 1,024 படி. அப்படியும் எங்கள் கீபோர்டைவிட 8 மடங்கு நுணுக்கம். எல்லையை 12 வைத்தாலும் ஒரு படி 2.5 சென்ட்டுக்குள் அடங்கும். நாங்கள் விட்டுக்கொடுத்த ஜாரு அதில் வந்துவிடும்.

கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள:

1. வெலாசிட்டி இருக்கிறதா? மெதுவாகவும் ஓங்கியும் தட்டி எண்ணைப் பாருங்கள்.
2. சக்கரம் இருக்கிறதா? கீழ் பைட் மாறுகிறதா? விட்டதும் நடுவுக்கு வருகிறதா?
3. இடது கைக்கு என்ன வேலை? அதை வைத்துக் கட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.
4. சாதாரணக் கட்டையா, மினியா?
5. தனி டிரைவர் இல்லாமல் யூஎஸ்பியில் வேலை செய்கிறதா?
6. பழையது என்றால் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாயிற்றா?
7. மேடைக்கும் வேண்டுமா? வேண்டுமென்றால் சொந்தச் சத்தம் உள்ளதைப் பாருங்கள்.
8. விளக்கும் நாபும் கடைசியில்.

சோதிக்க லேப்டாப் இல்லை என்கிற நண்பர்கள் கடைக்குப் போகும் முதல் நாள் சொல்லுங்கள். என்னுடையதை எடுத்துக்கொண்டு நானும் கூட வருகிறேன். டீ மட்டும் உங்கள் செலவு.